விழாத சீட்டுகளின் கணக்கு

1968இல் அன்றைய சென்னை மாநில அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதை மக்களிடம் கொண்டு சேர்த்தது ஒரு முழக்கம்: ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு.’ அண்ணாவின் வாக்காகவே அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஒருமுறை கேட்டால் மறக்காத வரி. அதைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால், சீட்டு வாங்குபவருக்கு நஷ்டம் என்ற ஒன்றே கிடையாது என்று அது சொல்வது புரியும். பரிசு விழுந்தால் குடும்பம் பிழைத்தது. விழாவிட்டால் கொடுத்த காசு பள்ளிக்கூடமாக, சாலையாக, ஆஸ்பத்திரியாக ஊருக்கே திரும்பி வரும். சூதில் விட்ட பணம் தருமக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

பரிசு விழாத வீட்டைப் பற்றி அந்த முழக்கம் பேசவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் பெரும்பாலான வீடுகள் அப்படிப்பட்டவைதான். அரை நூற்றாண்டு தாண்டிய பிறகும், அரசு நடத்தும் லாட்டரியைப் பற்றிய நம் பொதுப் பேச்சு அந்த இரண்டு முனைகளிலேயே நிற்கிறது. ஒரு முனையில் பரிசு வென்றவரின் படம். மறுமுனையில் கருவூலத்துக்கு வந்த தொகை. இடையில் இழந்தவர்களை எண்ணுவதற்கு எந்தத் துறையும் பொறுப்பேற்கவில்லை. தனியார் சூதாட்டம் நடத்தினால் அதன் தீங்கைக் கணக்கெடுத்துக் கட்டுப்படுத்த அரசு இருக்கிறது. அரசே கடை விரித்தால் அந்தக் கணக்கை யார் கேட்பது? சட்டபூர்வச் சூதாட்டம் தரும் தீங்குகளில் முதலாவதாக நான் வைப்பது இந்தப் பொறுப்பின்மையைத்தான். கடன், குடும்பச் சிதைவு, தற்கொலை ஆகிய மற்றவை இதன் நிழலில் வளர்கின்றன.

அந்தக் காலத்து ஆட்சியாளர்களின் நெருக்கடி பொய்யானதல்ல. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி தந்து வந்த ஆட்சிக்குப் பணம் தேவைப்பட்டது. அதே 1967இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையின் நிதி அமைச்சர் பி.கே. குஞ்ஞு தனியார் லாட்டரிகளை மூடிவிட்டு அரசு லாட்டரியைத் தொடங்கினார். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1964இல் தன் லாட்டரியைத் தொடங்கியிருந்தது. அங்கே வருமான வரியும் கிடையாது, விற்பனை வரியும் கிடையாது. பள்ளிகளுக்குப் பணம் வேண்டும், புதிய வரி போடத் துணிவில்லை. வரி போட்டால் ஓட்டுப் போகும், லாட்டரி நடத்தினால் போகாது என்பதை உலகின் பல அரசுகள் ஒரே காலத்தில் கண்டுகொண்டன.

லாட்டரியை ‘விருப்ப வரி’ என்று சொல்லி ஆதரிப்பவர்கள் உண்டு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர் வாங்குகிறார் என்பது அவர்கள் வாதம். வரி என்று ஒப்புக்கொண்டுவிட்டால், எல்லா வரிகளிடமும் கேட்கும் கேள்வியை இதனிடமும் கேட்க வேண்டும்: யார் எவ்வளவு கட்டுகிறார்கள்? சார்லஸ் கிளாட்ஃபெல்டர், ஃபிலிப் குக் என்ற இரு பொருளியலாளர்கள் 1989இல் அமெரிக்க மாநில லாட்டரிகளைப் பற்றி வெளியிட்ட நூல் இந்தக் கேள்வியை விரிவாக ஆராய்ந்தது. ஏழைகள் தங்கள் வருமானத்தில் லாட்டரிக்குச் செலவிடும் பங்கு பணக்காரர்கள் செலவிடும் பங்கைவிடப் பல மடங்கு அதிகம் என்று அவர்கள் காட்டினார்கள். பிற்காலத்து ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. பணக்காரர் மீது கூடுதலாகவும் ஏழை மீது குறைவாகவும் விழ வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் வரி, இங்கே தலைகீழாக விழுகிறது.

ஏன் ஏழைகள் அதிகம் வாங்குகிறார்கள்? அறியாமை, பேராசை என்று பதில் சொல்லிவிட்டு நகர்வது எளிது. அந்தப் பதில் எனக்கு ஒருபோதும் போதவில்லை. பிட்ஸ்பர்க் நகரப் பேருந்து நிலையத்தில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2008இல் வெளியிட்டார்கள். பயணிகளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து வருமானத்தைக் குறிக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு, தாங்கள் பட்டியலின் அடியில் இருக்கிறோம் என்று தோன்றும்படி வருமான அடுக்குகள் அமைக்கப்பட்டிருந்தன; மற்றவர்களுக்கு அப்படி இல்லை. பிறகு இரு சாராருக்கும் லாட்டரிச் சீட்டு வாங்க வாய்ப்புத் தந்தார்கள். தன்னை ஏழை என்று உணர வைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு சீட்டு வாங்கினார்கள். சேமித்தோ உழைத்தோ ஏற முடியாத உயரம் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால், குலுக்கல் மட்டுமே ஏணியாகத் தெரிகிறது. மகளின் கல்யாணத்துக்கு வேண்டிய தொகையைக் கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்க்கவே முடியாது என்று அறிந்த ஒருவரின் மனக்கணக்கு அது. அந்த நம்பிக்கையின்மையைத்தான் அரசு விலைக்கு வாங்குகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சீட்டு வாங்குவோர் எல்லோரும் சமமாக வாங்குவதில்லை. பண்டிகைக்கு ஒரு சீட்டு வாங்குபவர் ஏராளம். ஆனால் விற்பனையின் பெரும்பகுதியைத் தாங்குவது விடாமல் வாங்கும் ஒரு சிறு கூட்டம். சூதாட்ட இயந்திரங்கள் சட்டபூர்வமாக மூலைக்கு மூலை இருக்கும் ஆஸ்திரேலியாவில், அந்த இயந்திரங்களில் போடப்படும் பணத்தில் சுமார் 40 சதவீதம் சூதாட்டத்தால் சிக்கலுக்கு ஆளானவர்களுடையது என்று அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் மதிப்பிட்டது. அந்தச் சிலர் விட்டுவிட்டால் தொழிலே படுத்துவிடும். ‘பொறுப்போடு விளையாடுங்கள்’ என்ற எச்சரிக்கை வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண் எனக்கு நினைவுக்கு வரும். எல்லோரும் பொறுப்போடு விளையாடினால் அதை அச்சிட்டவருக்கே வருமானம் இருக்காது.

தமிழ்நாட்டில் 1990களை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. பேருந்து நிலையம், டீக்கடை, சந்தை முனை எங்கும் லாட்டரிக் கடைகள் இருந்தன. பல மாநிலங்களின் சீட்டுகள் கயிற்றில் தொங்கின. வாரம் ஒரு குலுக்கல் என்ற பழைய வேகம் போய்ச் சுரண்டல் லாட்டரி வந்தது. நாணயத்தால் தேய்த்தால் அங்கேயே முடிவு தெரியும். போய்விட்டால் அங்கேயே இன்னொன்று வாங்கலாம். கூலி வாங்கிய கையோடு கடை முன் நின்று, தேய்த்த சீட்டுகளைக் காலடியில் போட்டபடி இருந்தவர்களை அந்தத் தலைமுறையினர் பார்த்திருப்பார்கள். காத்திருக்கும் நேரம் குறையக் குறைய, நிதானம் திரும்புவதற்கான இடைவெளியும் குறைகிறது. சூதாட்டப் பழக்கத்தை ஆராய்பவர்கள் ஆட்டத்தின் வேகத்துக்கு அத்தனை முக்கியத்துவம் தருவது இதனால்தான்.

நாடாளுமன்றம் 1998இல் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது, பம்பர் குலுக்கல் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் கூடாது என்றெல்லாம் அது விதித்தது. வெளிமாநிலச் சீட்டுகளை ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் தடுக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் 1999இல் உச்ச நீதிமன்றம், தன் சொந்த லாட்டரியை நடத்திக்கொண்டே அடுத்த மாநிலத்தின் லாட்டரியைத் தடுக்க எந்த மாநிலத்துக்கும் உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. அரசு முத்திரை இருப்பதாலேயே லாட்டரியின் சூதாட்டத் தன்மை மாறிவிடாது என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. வெளியாரைத் துரத்த வேண்டுமானால் சொந்தக் கடையையும் மூட வேண்டும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதைச் செய்தது. தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிகளும் நின்றன. பின்னால் வந்த எந்த ஆட்சியும் அந்தத் தடையை விலக்கவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் ஒத்துப்போகும் சில விஷயங்களில் இது ஒன்று.

அந்தத் தடையைப் பாராட்டும்போதே சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. அதே அரசு, அதே 2003இன் நவம்பரில், மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் தன் கையில் எடுத்துக்கொண்டது. கூலிக்காரரின் சட்டைப்பையிலிருந்து வரும் பணத்தை ஒரு வாசலில் வேண்டாம் என்று சொன்ன அரசு இன்னொரு வாசலில் வாங்கத் தொடங்கியது. பழக்கத்துக்கு அடிமையானவரின் பணத்தில் நடக்கும் நிர்வாகம் எப்படிப்பட்டது என்பதைத் தமிழ்நாடு லாட்டரியை விட்ட பிறகும் அன்றாடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேரளம் வேறு பாதையில் போனது. இந்தியாவில் அரசு லாட்டரி எவ்வளவு நேர்த்தியாக இயங்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. வாரத்தின் ஏழு நாளும் குலுக்கல் உண்டு. ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல் என்பதுதானே சட்டம்? ஏழு நாளுக்கும் ஏழு பெயரில் ஏழு லாட்டரிகள் இருக்கின்றன. பம்பர் ஆண்டுக்கு ஆறுதானே? ஓணம், விஷு, பூஜை, கிறிஸ்துமஸ், கோடை, மழைக்காலம் என்று சரியாக ஆறு. சட்டத்தின் எந்த எழுத்தும் மீறப்படவில்லை. வாராந்திரச் சூதாட்டம் மட்டும் தினசரிச் சூதாட்டமாக மாறியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் பேக்கரி சந்திப்பை அடுத்த கோர்க்கி பவனில் பிற்பகல் மூன்று மணிக்குக் குலுக்கல் நடக்கிறது. நாளாந்தச் சீட்டின் விலை 2025இல் 50 ரூபாயாக உயர்ந்தது. முதல் பரிசு ஒரு கோடி. பன்னிரண்டு தொடர்கள், ஒவ்வொன்றிலும் 9 லட்சம் எண்கள் என்று அச்சிட்டால் மொத்தம் 1 கோடியே 8 லட்சம் சீட்டுகள். தினமும் ஒரு சீட்டு வாங்குபவருக்கு ஆண்டுக்கு 18,250 ரூபாய் செலவு. சராசரிக் கணக்கின்படி அவருக்கு ஒருமுறை முதல் பரிசு விழ 29,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த எண் யாருக்கும் மனதில் ஒட்டாது என்பதையும் அறிவேன். கோடியில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்ற வேறுபாட்டை உணரும்படி மனித மனம் அமையவில்லை. அது உணர்வது வேறு ஒன்றை: கடைசி நான்கு இலக்கம் ஒத்தால் கிடைக்கும் சிறு பரிசுகளை, ஓர் எண்ணில் தவறிப்போன சீட்டுகளை. 2009இல் லூக் கிளார்க் தலைமையிலான கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், மயிரிழையில் தவறும் ஆட்டங்கள் வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகளையே தூண்டுகின்றன என்றும், மேலும் ஆடும் விருப்பத்தைக் கூட்டுகின்றன என்றும் காட்டினார்கள். தோல்வி ‘கிட்டத்தட்ட வெற்றி’யாக உடலில் பதிகிறது. சில நூறு ரூபாய்ப் பரிசு விழுந்தவர் பல வேளை அதைப் பணமாக வாங்குவதும் இல்லை. அங்கேயே அடுத்த நாளின் சீட்டுகளாக மாற்றிக்கொள்கிறார்.

விற்பவர்களையும் பார்க்க வேண்டும். கேரளத் தெருக்களில் சீட்டு விற்பவர்களில் மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் ஏராளம். லாட்டரியை ஆதரித்துச் சொல்லப்படும் காரணங்களில் என்னை மிகவும் தயங்க வைப்பது இதுதான். அது அவர்களின் அன்றாடச் சோறு. ஆனால் விற்காத சீட்டை லாட்டரித் துறை திரும்பப் பெறுவதில்லை. மூன்று மணிக்குள் கையில் மிஞ்சியது விற்பவரின் நஷ்டம். மழை நாளில், கடையடைப்பு நாளில், அவர் விரும்பாமலேயே சூதாடியாகிறார். விற்காமல் மிஞ்சிய சீட்டில் பெரிய பரிசு விழுந்த செய்தி எப்போதாவது வரும். மிஞ்சிய சீட்டுகளால் கடன் ஏறிய கதைகள் செய்தியாவதில்லை.

இந்த அமைப்புக்கு ஓர் அறக் கவசமும் உண்டு. 2011–12இல் நிதி அமைச்சர் கே.எம். மாணி தொடங்கிய காருண்யா நிதி, லாட்டரி வருமானத்தைப் புற்றுநோய், சிறுநீரக, இதய நோயாளிகளான ஏழைகளின் சிகிச்சைக்குத் திருப்பியது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. அதை மறுக்க எனக்கு மனம் வராது. இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஏழையின் சிகிச்சைக்கு இன்னொரு ஏழையின் சீட்டுப் பணம் எதற்கு? பொது மருத்துவத்துக்குப் பொது வரியிலிருந்து தர வேண்டிய பணத்தை, வசதியுள்ளவர்கள் அதிகம் வாங்காத ஒரு பொருளின் மேல் அரசு ஏற்றி வைக்கிறது. இப்படி ஒரு நல்ல காரியத்தோடு முடிச்சுப் போட்ட பிறகு லாட்டரியைக் குறை சொல்வது நோயாளியின் வாயிலிருந்து மருந்தைப் பிடுங்குவதாகக் கேட்கும். 1968இன் முழக்கம் செய்த அதே வேலையை இந்த நிதியும் செய்கிறது. கேரள லாட்டரியின் ஆண்டு விற்பனை 2023–24இல் 12,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பரிசு, கமிஷன், வரி, நிர்வாகம் எல்லாம் போக அரசுக்குக் கடைசியில் நிற்பது அதில் ஒரு சிறு பங்கு. பேச்சில் மட்டும் பெரிய எண்ணே வலம் வருகிறது.

வென்றவர்களைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். 2022 ஓணம் பம்பரில் 25 கோடி வென்றவர் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர். சில நாள்களிலேயே, பணம் கேட்டு வருபவர்களின் தொல்லையால் வீட்டில் இருக்க முடியவில்லை, இந்தப் பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். முகவர் கமிஷனும் வருமான வரிப் பிடித்தமும் போக அந்த 25 கோடியில் கைக்கு வந்தது 15.75 கோடி. பரிசு கொடுக்கும்போதும் ஒரு பங்கு வரியாகப் போய்விடுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் லாட்டரி வென்றவர்களின் பின்கதையைத் தொடர்ந்து ஆராய்ந்த மூன்று பொருளியலாளர்கள் 2011இல் சொன்னதும் சோர்வு தருவதே: 50,000 முதல் 1,50,000 டாலர் வரை வென்றவர்கள் திவாலாவதை அந்தப் பணம் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை.

2023 ஓணம் பம்பரை வென்றவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர். சீட்டு வாங்கிய இடம் வாளையாறு. கோவையிலிருந்து பாலக்காடு போகும் வழியில், எல்லையைத் தாண்டியதும் லாட்டரிக் கடைகள் வரிசையாகத் தொடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் அங்கே போய் வாங்குவது இரகசியமே இல்லை. அந்த ஆண்டு 75 லட்சத்துக்கும் மேல் ஓணம் பம்பர் சீட்டுகள், ஒன்று 500 ரூபாய் என்று விற்றன. நால்வரின் செய்தி தமிழ் நாளேடுகளிலும் தொலைக்காட்சிகளிலும் வந்தது. மறுவருடம் வாளையாற்றில் கூட்டம் சேர்வதற்கு அதைவிட நல்ல விளம்பரத்தை யாராலும் காசு கொடுத்துச் செய்ய முடியாது.

எல்லையைத் தாண்டி வருவது சீட்டு மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் ‘மூணு நம்பர் லாட்டரி’ என்று மறைவாக நடக்கும் ஆட்டத்துக்குக் குலுக்கல் எந்திரமோ அரங்கமோ கிடையாது. கேரள அரசு லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கங்களே அதன் முடிவு. துண்டுத் தாளில் எண்ணை எழுதிக் கொடுத்து, அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் கட்டுகிறார்கள். கேரளத்துக்குள்ளேயும் இதே ஆட்டம் ‘எழுத்து லாட்டரி’ என்ற பெயரில் நடக்கிறது. ஆயிரத்தில் ஒன்று என்ற வாய்ப்பு கோடியில் ஒன்றைவிடக் கைக்கெட்டும் தூரமாகத் தோன்றுவதால் இது இன்னும் வேகமாக ஆளை இழுக்கிறது. கள்ள ஆட்டம் நடத்துபவருக்கு எப்போதும் இருக்கும் சிக்கல், முடிவை அவரே செட்டப் செய்துவிடுவார் என்ற சந்தேகம். அந்தச் சிக்கலைத் தினமும் மூன்று மணிக்கு ஓர் அரசு இலவசமாகத் தீர்த்து வைக்கிறது. நடுவர்கள் முன்னிலையில், எல்லோரும் பார்க்க, யாரும் கை வைக்க முடியாத எண். அரசின் நாணயம் கள்ளச் சூதின் மூலதனமாகிறது. சட்டபூர்வ லாட்டரி இருந்தால் கள்ள லாட்டரி ஒழியும் என்ற வாதத்தை இந்த ஒரு நடைமுறையே கவிழ்த்துவிடுகிறது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் முழுவதும் இறந்தது. அவர், மனைவி, மூன்று பெண் குழந்தைகள். கடைசியாகப் பதிவு செய்த காணொளியில் அவர் கேட்டுக்கொண்டது மூன்று நம்பர் லாட்டரியை ஒழியுங்கள் என்பதைத்தான். சூதாட்டமும் தற்கொலையும் சேர்ந்து வருவது தற்செயல் அல்ல. ஸ்வீடனில் சூதாட்ட நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அவர்களிடையே தற்கொலை விகிதம் பொது மக்களைவிட 15 மடங்கு என்று 2018இல் அறிவித்தது. குடிப்பவரின் வீட்டாருக்கு வாடை தெரியும், தள்ளாட்டம் தெரியும். சூதாடியின் கடன் கடைசி நாள் வரை வெளியே தெரிவதில்லை. தெரியும்போது நகை அடகில் இருக்கும், தெருவில் பாதிப் பேரிடம் கைமாற்று வாங்கியிருப்பார், வட்டிக்காரர் வாசலில் நிற்பார். அவமானம் ஒரே நாளில் முழுதாக வந்து இறங்குகிறது. இப்படி ஒரு நிலையில் இருப்பவரோ அவர் குடும்பமோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.

மருத்துவ உலகம் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் சூதாட்டக் கோளாறை மது, போதைப் பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே வகுப்பில் சேர்த்தது. 2024 அக்டோபரில் லான்செட் இதழ் அமைத்த ஆணையம், உலகில் சுமார் 8 கோடி பெரியவர்கள் சூதாட்டக் கோளாறோடு அல்லது சிக்கலான சூதாட்டப் பழக்கத்தோடு வாழ்வதாக மதிப்பிட்டது. தனிமனிதரின் பலவீனம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, புகையிலையைப் போலப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக நடத்துங்கள் என்பது அதன் அறிவுரை.

இணைய ரம்மி வந்தபோது தமிழ்நாடு மீண்டும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் முதல் தடைச் சட்டத்தை நீக்கியது. ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு, 2022 அக்டோபரில் அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பியனுப்பிய மசோதா, 2023 ஏப்ரலில் ஒப்புதல் என்று போராட்டம் நீண்டது. அந்த நவம்பரிலேயே உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்பதால் அவற்றை அதற்குள் கொண்டுவர முடியாது என்றது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி சட்டத்துக்கு முக்கியமாக இருக்கலாம். விடிய விடிய ஆடி மாதச் சம்பளத்தை விட்டவரின் மனைவிக்கு அது எந்த வேறுபாட்டையும் தருவதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அந்தப் பிரிவினையைக் கைவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. அரசுகள் தாளில் அச்சிட்டு விற்கும் லாட்டரியை அது தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் தேடினால் பணத்தின் தடம் தெரியும். 2024 மார்ச்சில் தேர்தல் பத்திர விவரங்கள் வெளியானபோது, அதிகம் வாங்கிய நிறுவனமாக இருந்தது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங். வெளிமாநில அரசு லாட்டரிகளை விற்கும் அந்த நிறுவனம் வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். தமிழ்நாட்டின் அப்போதைய ஆளுங்கட்சியான திமுக தானே தேர்தல் ஆணையத்திடம் சொன்ன கணக்கின்படி அதில் 509 கோடி அந்தக் கட்சிக்கு வந்தது. திரிணாமூல் காங்கிரஸுக்கு அதைவிடக் கூடுதல். தன் மண்ணில் லாட்டரி கூடாது என்று சொல்லும் மாநிலத்தின் அரசியலும் வேறெங்கோ விழாத சீட்டுகளின் பணத்தில் நடந்திருக்கிறது.

தடை போட்டால் கள்ளத்தனம் பெருகும் என்பார்கள். ஓரளவு உண்மை; விழுப்புரம் நடந்தது தடைக்குப் பின்தான். ஆனால் தெருவுக்குத் தெரு கடை இருந்த காலத்தில் சூதாடாமல் இருக்க மன உறுதி வேண்டியிருந்தது. இன்று சூதாட ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அந்த வேறுபாடு பல குடும்பங்களைக் காத்திருக்கிறது என்றே நம்புகிறேன். நார்வே 2007இல் நாடு முழுவதும் சூதாட்ட இயந்திரங்களை அகற்றியது. ஆடுவோர் எல்லோரும் வேறு சூதுக்குத் தாவுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில் ஆட்டமும் குறைந்திருந்தது, உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளும் குறைந்திருந்தன. இரண்டு ஆண்டு கழித்து அரசு நிறுவனம் இயந்திரங்களை மீண்டும் வைத்தபோது, ஆளுக்கொரு அட்டை, இழக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு என்ற கட்டுப்பாடுகளோடுதான் வைத்தது. யார் எவ்வளவு இழக்கிறார் என்று எண்ண முடியும் என்பதற்கு அது சான்று.

2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. ஐம்பது ரூபாய்ச் சீட்டில் 11 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்த வரி 14 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறினால் வாங்குபவர் குறைவார் என்று அஞ்சிய கேரள அரசு விலையை ஏற்றவில்லை. பரிசுகளிலும் முகவர் கமிஷனிலும் வெட்டி ஈடுகட்டியது. புகையிலைக்கு வரி ஏற்றினால் விலை ஏறும், வாங்குவது குறையும். அத்தகைய வரியின் நியாயமே அதில்தான் இருக்கிறது. இங்கே வரி ஏறியது வாங்குபவரின் கண்ணுக்கே படவில்லை. அதே 50 ரூபாய், அதே மூன்று மணி. திரும்பக் கிடைக்கும் பங்கு மட்டும் குறைந்தது. முகவர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன, கமிஷன் குறைந்தால் அவர்களால் கேட்க முடியும். வாங்குபவர்களுக்கு அப்படி ஒரு சங்கமும் கிடையாது. சீட்டின் முகப்பில் முதல் பரிசுத் தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் பரிசாகத் திரும்புகிறது, முதல் பரிசுக்கு எத்தனை லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்ற இரண்டு எண்களையும் அதே அளவு எழுத்தில், மலையாளத்திலும் தமிழிலும், லாட்டரித் துறை அடுத்த கட்டை அச்சிடும்போதே சேர்த்துவிடலாம்.